சாயக்காரர் தீட்டிய இரா உணவு

நம் ஆண்டவரும் சீடர்களும் கிமோனோ உடுத்தித் தரையில் அமர்ந்து இறுதி இரா உணவு உண்ணும் படத்தைக் கண்டதுண்டா? பந்தியில் சுஷி என்னும் சோற்றுப் பண்டமும், அரிசி மதுவும், ஜப்பானியர் மங்கல நாட்களில் உண்ணும் தாய் என்ற கடல்மீனும் இருக்கும். நாம் முதலில் வியந்தோம். பிறகு, ஐரோப்பிய ஓவியர் தம் ஊர் மேசையையும் ரொட்டியையும் வரைந்தபோது யாரும் வியக்கவில்லையே என்று எண்ணினோம்.

அப்படத்தை ஆக்கியவர் சடாவோ வத்தனாபே. 1913இல் டோக்கியோவில் பிறந்தவர். பத்து வயதில் தந்தையை இழந்தார். படிப்பு நின்றது, சாயக்கடை வேலை வந்தது, காசநோயும் வாட்டியது. அண்டையில் வாழ்ந்த ஆசிரியை ஒருவர் அவரைக் கோவிலுக்கு அழைத்துச் சென்றார். மேலைநாட்டுச் சாயல் உள்ளதை வெண்ணெய் வாடை வீசுவதாகச் சொல்வது ஜப்பானியர் வழக்கம். சிறுவனுக்குக் கோவிலிலும் அவ்வாடையே வீசிற்றாம்! ஆயினும் 1930இல், பதினேழாம் வயதில், திருமுழுக்குப் பெற்றார். அவர் சேர்ந்தது நம் பிரிந்த சகோதரரின் சபை. அந்த வாடையைப் போக்குவதே பிற்பாடு அவரது வாழ்நாள் வேலையாயிற்று என்று நமக்குத் தோன்றுகிறது.

வழி காட்டியவர் செரிசாவா கெய்சுக்கே என்னும் சாயக்கலை மேதை. 1937இல் அவருடைய கண்காட்சியைக் கண்ட வத்தனாபே, சில ஆண்டுகளில் அவருக்கே மாணவரானார். ஒக்கினாவாத் தீவின் துணிகளில் பூவும் பறவையும் பதிக்கும் பழைய முறையைக் கற்று, அதைத் துணியிலிருந்து காகிதத்துக்குக் கொண்டு வந்தார். அம்முறையைக் கேளுங்கள்: துவர்ப்பான காக்கிப் பழச்சாறு ஏற்றிய தடித்த காகிதத்தில் உருவத்தைக் கத்தியால் வெட்டுவர். அந்த அச்சின் மேல் அரிசிமாவும் தவிடும் கலந்த பசையை இழைப்பர். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மற்ற இடங்களில் சோயாப்பாலில் குழைத்த வண்ணம் தீட்டுவர். காய்ந்ததும் தண்ணீரில் கழுவுவர். எல்லாம் அடுக்களைப் பொருள்களே! கையால் கசக்கிய காகிதத்திலும் அச்சிடுவார். அச்சுருக்கங்களால் படங்களுக்கு நெடுங்காலப் பழமை வந்துவிடும்.

நாடு போரில் தோற்று நொந்திருந்த 1947இல், ரூத்தின் கதையைச் சித்திரித்த படத்துக்கு ஜப்பானிய நாட்டுப்புறக் கலைக் காட்சியகம் பரிசளித்தது. 1958இல் வெண்கலப் பாம்பு நியூயார்க்கில் முதற்பரிசு பெற்றது. வத்திக்கான் அருங்காட்சியகமும் அவர் படங்களை ஏற்றது. அமெரிக்க வெள்ளை மாளிகையிலும் அவை தொங்கின.

அவர் ஆசையோ வேறு. கிறிஸ்து எளியோரிடம் வந்தவராதலால், சாதாரண மக்கள் கூடிப் பேசும் இடங்களில் தம் படங்கள் மாட்டப்பட வேண்டுமென்று விரும்பினார். விவிலியக் காட்சிகளைத் தவிர வேறெதையும் அவர் அதிகம் நாடவில்லை. 1996 ஜனவரி 8ஆம் நாள், தம் 82ஆம் வயதில் காலமானார்.