கணித மேதை இராமானுஜன்

பரீட்சையில் தவறியவர்களுக்கு ஆறுதல் சொல்லும்போது எம்மவர் எடுத்துக் காட்டும் பெயர்களுள் கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜனின் பெயர் முதன்மையானது. எவ். ஏ. பரீட்சையில் இருமுறை தோற்றவர் இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார் என்பது யாவரும் அறிந்த செய்தியே. ஆயின் கல்லூரிப் படிப்பே வீண் என்பதற்கும் அவரைச் சான்றாகக் காட்டுவார் உளர். அவ்வாறு காட்டுமுன் அவருடைய சரிதத்தை ஒருமுறை நிதானமாக நோக்குதல் நன்று என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

இராமானுஜன் 1887 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் திகதி, தாயார் கோமளத்தம்மாளின் பிறந்தகமான ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் அங்கு ஒரு புடைவைக் கடையில் கணக்கெழுதியவர். வருவாய் சொற்பம். தாயாரோ கோயிலிற் பசனை பாடுபவர். குலதெய்வமாகிய நாமக்கல் நாமகிரித் தாயாரிடத்து அளவிறந்த பக்தி பூண்டவர். அப்பக்தி மகனுக்கும் வாய்த்தது. தம் கணிதமெல்லாம் அத்தாயாரின் அருளே என்று அவர் இறுதிவரை நம்பினார்.

பள்ளியில் அவர் மந்த மாணாக்கராக இருந்தவரல்லர். 1897 இல் நடந்த ஆரம்பப் பரீட்சையில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார். உயர்தரப் பள்ளியை விட்டு நீங்கும்போது கணிதத்துக்கான பரிசும், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் படிக்க உபகாரச் சம்பளமும் பெற்றார். இடர் வந்தது ஒரு புத்தகத்தின் உருவில். 1903 இல், கார் என்னும் ஆங்கில ஆசிரியர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு எட்டியது. ஏறக்குறைய 5,000 தேற்றங்கள் அதில் வரிசையாகக் கிடந்தன. நிறுவல்களோ பெரும்பாலும் இல்லை, இருந்தனவும் குறிப்பளவே. பரீட்சைக்கு மாணாக்கரை ஆயத்தம் செய்யவென்றே எழுதப்பட்ட நூல் அது. அந்நூலே இம்மாணாக்கரைப் பரீட்சைகளில் தோற்கச் செய்தது என்பது வேடிக்கைதான். அதிலுள்ளவற்றைத் தாமே நிறுவ முற்பட்டவர், வேறு பாடம் எதனையும் கண்ணெடுத்துப் பார்த்தாரில்லை. கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. 1905 இல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கும் கணிதத்தில் மேலான புள்ளிகள், உடற்றொழிலியலில் தோல்வி. 1907 இல் மீண்டும் எழுதினார், மீண்டும் தவறினார். கல்லூரி வாழ்க்கை அத்துடன் முடிந்தது.

அதன்பின் வந்த ஆண்டுகளைப் பலர் இரண்டு வரியிற் சொல்லிக் கடந்து விடுவர். எமக்கு அவ்வாறு கடக்க மனம் வரவில்லை. அவருக்கு அப்பொழுது வயது இருபது. பட்டமில்லை, தொழிலில்லை. திண்ணையில் அமர்ந்து சிலேற்றிற் கணக்கிடுவார். கடதாசி வாங்கப் பணமில்லாமையால், செய்கை முழுவதையும் சிலேற்றில் எழுதி முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மாத்திரம் குறிப்புப் புத்தகத்திற் பதிந்து வைப்பார். 1909 இல் ஜானகி என்னும் சிறுமியை அவருக்கு மணம் செய்து வைத்தனர். குடும்பப் பொறுப்பு வந்துவிட்டது. குறிப்புப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்தார்.

திருக்கோவிலூரில் டிப்டிக் கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயர், 1907 இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர். அவரிடம் போய்த் தாலுகா அலுவலகத்தில் ஒரு சிறு லிகிதர் வேலை கேட்டார் இராமானுஜன். குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஐயர், இத்தகைய மேதையை அவ்வேலையில் இருத்துவது பாவம் என்று கருதி, சென்னையிலுள்ள கணித அறிஞருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அவ்வழியாக நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. அவர் மாதம் 25 ரூபா கொடுத்து ஆதரித்தார். உழைக்காமற் பெறும் பணத்தில் நெடுநாள் வாழ இராமானுஜன் உடன்படவில்லை. 1912 மார்ச் 1 ஆம் திகதி சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் லிகிதரானார். அங்கே மேலதிகாரியாயிருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். இருவரும் மாலைவேளைகளில் ஆளுக்கொரு சிலேற்றுடன் அமர்ந்து கணக்கிடுவர். இத்தகையோர் குறுக்கிடாதிருந்தால் அக்குறிப்புப் புத்தகங்கள் பரணில் கிடந்து செல்லரித்திருக்கும்.

1913 ஜனவரியில், கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரிக் கணிதப் பேராசான் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். தாம் சர்வகலாசாலைக் கல்வி பெறாதவர் என்பதையும், தமது சொற்பச் சம்பளத்தையும் அதில் ஒளியாமற் சொல்லியிருந்தார். கூட வந்த தேற்றங்களை ஹார்டியும் அவர் நண்பர் லிற்றில்வூட்டும் ஆராய்ந்து, எழுதியவர் முதல்தரமான கணித மேதை என்று கண்டனர். அதன்பின் காரியங்கள் விரைந்து நடந்தன. முதுகலைப் பட்டதாரிகளுக்கே உரிய ஆராய்ச்சிச் சம்பளத்தைச் சென்னைச் சர்வகலாசாலை விதியைத் தளர்த்தி அவருக்கு அளித்தது. மாதம் 75 ரூபா. கடல் கடக்கத் தாயார் முதலில் இசையவில்லை. நாமகிரித் தாயார் கனவில் தோன்றி விடைகொடுத்ததாகச் சொல்லிப் பின்னர் இசைந்தார். 1914 மார்ச் 17 ஆம் திகதி இராமானுஜன் கப்பலேறினார்.

கல்லூரியை இழந்ததன் விலை கேம்பிரிட்ஜிலேதான் தெரியவந்தது. அவர் தனித்திருந்து கண்டுபிடித்தவற்றுட் பல, ஐரோப்பியர் முன்னரே கண்டு அச்சிட்டு வைத்தவை. பகா எண்களைப் பற்றி அவர் எழுதியவற்றுட் சில பிழையாகவே இருந்தன. நிறுவல் என்றால் என்ன என்பதையே ஹார்டி அவருக்குப் புதிதாக உணர்த்த வேண்டியிருந்தது. வழிகாட்டுவாரின்றி இந்தியாவிற் கழிந்த அவ்வாண்டுகளை எண்ணி ஹார்டி பின்னாளில் வருந்தியிருக்கிறார்.

இருவரும் கூடிச் செய்தவற்றுள் ஒன்றை மட்டும் சொல்வோம். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200 ஐ எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? 3,972,999,029,388 வகையாக. மக்மகன் என்பவர் கையாலே படிப்படியாகக் கணித்து இவ்விடையைக் கண்டிருந்தார். இராமானுஜனும் ஹார்டியும் 1918 இல் வெளியிட்ட சூத்திரமும் அதே எண்ணைத் தந்தது. ஆராய்ச்சிக்காக 1916 இல் கேம்பிரிட்ஜ் பட்டமும், 1918 இல் றோயல் சங்க அங்கத்துவமும், திரினிற்றிக் கல்லூரிப் பதவியும் அவருக்குக் கிடைத்தன. அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

ஆயின் உடல் தளர்ந்துவிட்டது. முதலாம் உலக மகாயுத்த காலம். மரக்கறி உணவைக் கைவிடாதவர், கிடைத்ததைத் தாமே சமைத்து, நேரம் தவறி உண்டு, 1917 இல் நோயில் விழுந்தார். வைத்தியசாலைப் படுக்கையிலும் எண்களை விட்டாரில்லை. பார்க்க வந்த ஹார்டி தாம் ஏறிவந்த மோட்டார் வண்டியின் இலக்கம் 1729 சுவையற்றது என்றாராம். இரு கன எண்களின் கூட்டாக இருவழியில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அதுவென உடனே விடை வந்தது.

1919 ஜனவரியில், தாய்நாடு திரும்புவதற்குச் சிறிது முன்னர், அவர் சென்னைச் சர்வகலாசாலைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 250 பவுண் அவருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தொகை தமது தேவைக்கு மிக அதிகம் என்றும், பெற்றோருக்கு 50 பவுணும் தம் செலவும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், அநாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்துக்கும் பாடசாலைப் புத்தகங்களுக்கும் செலவிட வேண்டும் என்றும் அதிற் கேட்டிருந்தார். சம்பளம் நின்றதனாற் கல்லூரியை விட்டோடிய பையன் எழுதிய கடிதம் இது என்பதை இளைஞர் மனத்திற் கொள்வாராக.

ஊர் திரும்பியும் நோய் தீரவில்லை. இறுதி மாதங்களிலும் படுக்கையிலிருந்தபடியே கணித்துக் கொண்டிருந்தார். 1920 ஏப்ரல் 26 ஆம் திகதி, தமது 32 ஆம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அவ்விறுதியாண்டுத் தாள்கள் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1976 இல் திரினிற்றிக் கல்லூரி நூலகத்தில் வெளிப்பட்டன.

ஜானகி அம்மாள் 1994 வரை வாழ்ந்தார். திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து சீவித்த அவர், இறந்துபோன தோழி ஒருத்தியின் மகனைத் தம் பிள்ளையாக எடுத்து வளர்த்துப் படிப்பித்தார்.