'பாட் ரேட்' பெயர் எப்படி வந்தது? தங்கப் பதக்கத்தை விற்ற தந்தி ஊழியரின் கதை!

ஹெச்.சி-05 மாதிரி ஒரு புளூடூத் அடாப்டரை சீரியல் லைன் வழியா கம்ப்யூட்டரோட இணைக்கிறீங்கனு வெச்சுக்குவோம். மென்பொருள் கட்டாயம் ஒரு கேள்வி கேட்கும்: பாட் ரேட் எவ்வளவு? அடாப்டர் 9600-ல் இருக்கும்போது நீங்க 38400 கொடுத்தா, ஒயர் எல்லாம் சரியா இருந்தாலும் திரையில் புரியாத எழுத்துகள்தான் வரும். அந்த 'பாட்' ஒரு மனிதரின் பெயர்.

யார் இவர்?

எமில் போடோ. 1845 செப்டம்பர் 11-ல் பிரான்ஸின் ஓத்-மார்ன் பகுதியில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர். படிச்சது ஊர் தொடக்கப் பள்ளியில் மட்டும்தான். அதன் பிறகு அப்பாவோட வயல் வேலை. 1869-ல் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

என்ன கண்டுபிடித்தார்?

மோர்ஸ் முறையில் ஒரு எழுத்து குட்டையா இருக்கும், இன்னொன்று நீளமா இருக்கும். இதை இயந்திரம் தானாகப் படித்து அச்சடிப்பது கஷ்டம். போடோ எல்லா எழுத்தையும் ஒரே அளவாக்கினார். ஒவ்வொன்றுக்கும் 5 துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பும் 'உண்டு' அல்லது 'இல்லை'. மொத்தம் 32 சேர்க்கைகள். 1874-ல் காப்புரிமை பெற்றார்.

விசைப்பலகையில் 5 கட்டைகள்தான்: இடது கைக்கு 2, வலது கைக்கு 3. சுழலும் கருவி ஒன்று, ஒரே கம்பியைப் பல ஊழியர்களுக்கு முறைவைத்துக் கொடுத்தது. தன் முறை வரும்போது 'டிக்' சத்தம் கேட்கும்; அந்தத் தாளத்துக்கு அழுத்தணும். இரு முனைகளிலும் கருவிகள் ஒரே வேகத்தில் சுழலணும். இல்லைன்னா செய்தி குழம்பிடும். இன்றைய புளூடூத் அடாப்டருக்கு வரும் அதே பிரச்சினை!

பதக்கம் என்ன ஆனது?

1877-ல் பாரிஸ்–போர்தோ தடத்தில் அவரது முறை ஓடத் தொடங்கியது. 1878 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம். ஆனா ஆராய்ச்சிக்குத் துறையிலிருந்து கிடைத்த உதவி கொஞ்சம்தான். பெரும்பாலும் சொந்தக் காசு. 1880-ல் அந்தப் பதக்கத்தையே விற்க வேண்டி வந்தது. 1882-ல் இன்ஸ்பெக்டர்-இன்ஜினீயர் பதவி வந்தாலும், உடல்நலம் தொடர்ந்து படுத்தியது. 1903 மார்ச் 28-ல், 57 வயதில் காலமானார்.

பெயர் வந்தது எப்போது?

1926-ல் தந்தி வேகத்தின் அலகுக்கு 'பாட்' எனப் பெயரிட்டார்கள். ஒரு விநாடியில் எத்தனை சிக்னல்கள் போகிறது என்பதே கணக்கு. சீரியல் லைனில் 9600 பாட் என்றால் விநாடிக்கு 9600 பிட்.

அதனால திரையில் குப்பை எழுத்து வந்தா, அடாப்டரைத் தூக்கிப் போடாதீங்க. ரெண்டு பக்கமும் ஒரே பாட் ரேட்டில் இருக்கானு முதல்ல பாருங்க.