டி. எம். நாயர்

டி. எம். நாயர் (ஜனவரி 15, 1868 - ஜூலை 17, 1919) என்று அறியப்படும் தாரவத்து மாதவன் நாயர், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மருத்துவரும் இதழாளரும் அரசியல்வாதியும் ஆவார். நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவர்.

கல்வியும் மருத்துவப் பணியும்

பாலக்காட்டிலும் சென்னையிலும் கல்வி கற்ற நாயர், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டங்கள் பெற்றார். 1897 இல் நாடு திரும்பி, சென்னையில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராகப் பணியாற்றினார். ஆன்டிசெப்டிக் என்ற மருத்துவ இதழையும் நடத்தினார்.

தொழிலாளர் நலன்

1908 இல் இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையத்தின் உறுப்பினராக இருந்தார். வயது வந்த ஆண்களின் வேலை நேரத்தைச் சட்டத்தால் வரையறுக்கத் தேவையில்லை என்று ஏனைய உறுப்பினர்கள் கருதினர். நாயர் இதனை ஏற்காமல் தனியே மறுப்புக் குறிப்பு எழுதினார். 1911 ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களின் வேலை நேரத்தை 12 மணியாக வரையறுத்தது.

அரசியல்

முதலில் காங்கிரசில் இருந்தார். சென்னை மாநகராட்சியிலும் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். 1916 இல் இம்பீரியல் சட்டமன்றத் தேர்தலில் தோல்வியுற்றார். அதே ஆண்டு நவம்பரில் பி. தியாகராய செட்டி, சி. நடேச முதலியார் ஆகியோருடன் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1917 இல் தொடங்கப்பட்ட அதன் ஆங்கில நாளிதழான ஜஸ்டிசின் ஆசிரியராகவும் விளங்கினார். அவ்விதழின் பெயராலேயே இயக்கம் நீதிக்கட்சி எனப்பட்டது.

மறைவு

பிராமணரல்லாதோருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் கோரி, நாடாளுமன்றக் கூட்டுக்குழு முன் சாட்சியளிக்க 1919 இல் இலண்டன் சென்றார். நீரிழிவால் நலிந்திருந்த அவர், சாட்சியளிக்கும் முன்னரே அங்கு காலமானார். பின்னர் மெஸ்டன் தீர்ப்பின்படி பிராமணரல்லாதோருக்குச் சென்னைச் சட்டமன்றத்தில் 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1920 தேர்தலில் வென்று நீதிக்கட்சி ஆட்சியமைத்தது.