டென்னிஸ் வீரரின் கடைசி 10 மாதங்கள்

முடி திருத்தும் கடையில் என்ன பேசுவார்கள்? ஊர்க்கதை, அரசியல், விளையாட்டு. எந்த நாட்டிலும் இதுதான் வழக்கம்.

அமெரிக்காவில், நியூயார்க் நகரைச் சேர்ந்த பகுதி புரூக்ளின். அங்கே கறுப்பின மக்கள் போகும் சில முடி திருத்தும் கடைகளில் வேறு ஒரு பேச்சும் நடந்தது. எச்.ஐ.வி. கிருமி உடம்பில் என்ன செய்கிறது? எப்படிப் பரவுகிறது? ரத்தப் பரிசோதனைக்கு எங்கே போகலாம்? இதையெல்லாம் கடைக்காரரே எடுத்துச் சொன்னார்.

அவர் டாக்டர் அல்லர். ஆனால் பயிற்சி பெற்றவர். அந்தப் பயிற்சிக்கு வழி செய்த நிறுவனத்தைத் தொடங்கியவர், உலகப் புகழ் பெற்ற ஒரு டென்னிஸ் வீரர். எய்ட்ஸ் நோய்க்கே பலியானவர். அவர் பெயர் ஆர்தர் ஆஷ்.

பூங்காவில் வளர்ந்த பையன்

ஆஷ் 1943-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி, வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ரிச்மண்ட் நகரில் பிறந்தார். அந்தக் காலத்தில் அங்கே வெள்ளையருக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பருக்கு வேறு பள்ளிக்கூடம். விளையாட்டு மைதானமும் அப்படித்தான்.

ஆஷின் தந்தை, கறுப்பருக்கான ஒரு பூங்காவைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். பூங்காவுக்குள்ளேயே வீடு. வாசலைத் தாண்டினால் டென்னிஸ் மைதானம். மெலிந்த உடம்புக்காரப் பையன் அங்கே மட்டையைக் கையில் எடுத்தான்.

அவனுக்கு 6 வயதாக இருக்கும்போது தாய் இறந்துவிட்டார். தந்தை மிகவும் கண்டிப்பானவர். பள்ளிக்கூடம் விட்டதும் குறித்த நேரத்துக்குள் பையன் வீட்டில் இருக்க வேண்டும்.

கற்றுக் கொடுத்த டாக்டர்

லிஞ்ச்பர்க் என்ற ஊரில் ஜான்சன் என்று ஒரு கறுப்பின டாக்டர் இருந்தார். அவருடைய வீட்டிலேயே டென்னிஸ் மைதானம் இருந்தது. கோடை விடுமுறையில் கறுப்பினச் சிறுவர், சிறுமியரை வரவழைத்து, தங்க வைத்து, பயிற்சி கொடுப்பார். ஆஷும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

டாக்டர் ஆட்டத்தோடு நடத்தையையும் கற்றுக் கொடுத்தார். எதிரி அடித்த பந்து கோட்டுக்குச் சற்று வெளியே விழுந்தாலும், உள்ளே விழுந்ததாகவே எண்ணி ஆட வேண்டும். கோபம் கூடாது. இதுதான் அவர் வகுத்த விதி.

அந்தப் பாடம் வீண் போகவில்லை. 1968-ல் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை ஆஷ் வென்றார். 1975-ல் விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் ஜிம்மி கானர்சைத் தோற்கடித்தார். விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின ஆண் அவரே.

மணந்தது முத்துசாமி வீட்டுப் பெண்!

1977-ல் ஆஷுக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண் ஒரு புகைப்படக் கலைஞர். பெயர் ஜீன் முத்துசாமி.

நம் ஊர்ப் பெயராக இருக்கிறதே என்று வியப்பாக இருக்கிறதா? மேற்கிந்தியத் தீவுகளில் குவாடலூப் என்று ஒரு தீவு உண்டு. 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கரும்புத் தோட்ட வேலைக்காகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து மக்களைக் கப்பலில் ஏற்றி அங்கே கொண்டு போனார்கள். ஜீனின் தந்தை வழி அந்தத் தீவைச் சேர்ந்தது. மொழி போனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

ரத்தத்தில் வந்த வினை

1979-ல் ஆஷுக்கு மாரடைப்பு வந்தது. அப்போது வயது 36. இருதய ஆபரேஷன் நடந்தது. 1983-ல் மறுபடியும் ஆபரேஷன். உடம்பு தேறுவதற்காக அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அப்போது இல்லை. அது வந்தது 1985-ல்தான்.

நம் உடம்பில் சில வெள்ளை அணுக்கள் காவல்காரர்களைப் போல வேலை செய்கின்றன. எச்.ஐ.வி. கிருமி அந்த அணுக்களுக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, அவற்றை அழிக்கிறது. காவல் குறைந்தால் மற்ற நோய்களுக்குக் கொண்டாட்டம். அந்த நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர்.

1988-ல் ஒருநாள் ஆஷின் வலது கை விரல்கள் அசையவில்லை. மூளையில் ஆபரேஷன் செய்தார்கள். மூளையை ஒரு தொற்றுநோய் தாக்கியிருந்தது. ரத்தத்தைச் சோதித்தார்கள். எய்ட்ஸ்!

மூன்றரை ஆண்டு ரகசியம்

மனைவியையும் பரிசோதித்தார்கள். அவருக்குக் கிருமி இல்லை. மகள் கேமராவுக்கும் இல்லை. அவளுக்கு அப்போது 2 வயதுகூட நிரம்பவில்லை.

ஆஷ் நோயை வெளியே சொல்லவில்லை. ஏன் தெரியுமா? எய்ட்ஸ் என்றாலே மக்கள் நடுங்கிய காலம் அது. நோய் வந்தவர்கள் வேலை இழந்தார்கள். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தார்கள். மகளை யாராவது ஒதுக்கி வைத்துவிட்டால்? இந்தப் பயம்தான் அவர் வாயைக் கட்டியது. நெருங்கியவர்களுக்கு மட்டுமே விஷயம் தெரியும்.

1992-ல் ஒரு பத்திரிகைக்குச் செய்தி எட்டியது. இனி மறைக்க முடியாது என்று ஆஷ் புரிந்துகொண்டார். ஏப்ரல் 8-ந் தேதி நிருபர்களை வரவழைத்து, தானே அறிவித்தார். மகளைப் பற்றிய இடம் வந்தபோது அவருக்குத் தொண்டை அடைத்தது. மனைவி எழுந்து நின்று, அந்தப் பகுதியைப் படித்தார்.

நம்பிக்கை வேண்டும்

மீதம் இருந்தது 10 மாதங்கள். ஆஷ் ஓய்வு எடுக்கவில்லை. எய்ட்ஸ் ஒழிப்புக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். டிசம்பர் 1-ந் தேதி, உலக எய்ட்ஸ் தினத்தன்று, ஐக்கிய நாடுகள் சபையில் பேசினார்.

கறுப்பின மக்களை இந்த நோய் அதிகமாகத் தாக்கியது. இன்றும் அமெரிக்காவில் 100 பேருக்கு சுமார் 12 பேர்தான் கறுப்பர். புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்படுகிறவர்களிலோ, 100-க்கு சுமார் 40 பேர் கறுப்பர். வறுமையும் வைத்திய வசதிக் குறைவும் இதற்குக் காரணம்.

அவநம்பிக்கையும் ஒரு காரணம். அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்ற இடத்தில், 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களை அரசாங்க டாக்டர்கள் கவனித்து வந்தார்கள். நோயைக் குணமாக்கும் பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்கவில்லை. நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். இந்தக் கொடுமையை மக்கள் மறப்பார்களா? வெள்ளைச் சட்டை போட்டவர் வந்து சொன்னால் நம்புவார்களா?

தெரிந்த மனிதர் சொன்னால் கேட்பார்கள். 1992 டிசம்பரில் ஆஷ் புரூக்ளினில் நகர்ப்புற சுகாதார நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அது மக்கள் கூடும் இடத்தைத் தேடிப் போனது. முடி திருத்துகிறவர்களுக்கும், பெண்களுக்குக் கூந்தல் அலங்காரம் செய்கிறவர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. எச்.ஐ.வி., இருதய நோய், மார்பகப் புற்றுநோய் முதலியவற்றை அவர்கள் கற்றார்கள்.

மருந்து கொடுப்பது அவர்கள் வேலை அல்ல. விளங்கும்படி சொல்லி, பயத்தைப் போக்கி, பரிசோதனைக்கு அனுப்புவதே வேலை.

மகளுக்கும் 6 வயது

அந்த நிறுவனம் வளர்ந்ததைப் பார்க்க ஆஷ் உயிரோடு இல்லை. 1993 பிப்ரவரி 6-ந் தேதி, நியூயார்க்கில் காலமானார். வயது 49. தாயை இழந்தபோது அவருக்கு 6 வயது. தந்தையை இழந்தபோது கேமராவுக்கும் 6 வயது.

3 ஆண்டுகள் கழித்து, 1996-ல், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் புதிய சிகிச்சை வந்தது. சாவு வெகுவாகக் குறைந்தது. இன்று எச்.ஐ.வி. உள்ளவர் நாள் தவறாமல் மருந்து சாப்பிட்டால் நீண்ட காலம் வாழலாம். ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம் துணைக்குப் பரவாது. தொட்டால் ஒட்டாது. சேர்ந்து சாப்பிட்டால் வராது. கொசுவாலும் பரவாது.

மருந்து வந்துவிட்டது. ஆனால் பயந்து ஒளிந்திருப்பவரை மருந்து தேடி வராது. யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

நியூயார்க்கில் ஒரு மாபெரும் டென்னிஸ் அரங்கத்துக்கு 1997-ல் ஆர்தர் ஆஷின் பெயரைச் சூட்டினார்கள். அங்கே வீரர்களுக்குக் கை தட்டுகிறார்கள். புரூக்ளினில் கத்தரி பிடித்தபடி பாடம் சொன்னவர்களுக்கு யாரும் கை தட்டவில்லை. அவர்கள் பேச்சைக் கேட்டுப் பரிசோதனைக்குப் போனவர்களுக்கு அவர்களுடைய அருமை தெரியும்.