மகனுக்காக மன்றாடிய விஞ்ஞானி

மாக்ஸ் பிளாங்க் 1858-ம் ஆண்டு ஜெர்மனியில் கீல் நகரில் பிறந்தார். பௌதிகம் படிக்கப் போனார். அதில் கண்டுபிடிக்க இனி அதிகம் மிச்சமில்லை என்றார் ஒரு பேராசிரியர். பிளாங்க் கேட்கவில்லை.

காய்ச்சிய இரும்பு முதலில் சிவக்கிறது. சூடு ஏற ஏற வெளுக்கிறது. கொல்லன் பட்டறையில் நாம் பார்ப்பதுதான். ஆனால் பழைய கணக்கு எதுவும் இதற்கு ஒத்து வரவில்லை. 1900-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி பெர்லினில் பிளாங்க் விடை சொன்னார். சக்தி தண்ணீர்போல ஒரே ஒழுக்காகக் கைமாறுவதில்லை. அரிசிபோல மணி மணியாகக் கைமாறுகிறது! 1918-ம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு இதற்குத்தான்.

வீட்டிலோ துயரம். மூத்த மகன் 1916-ல் போரில் மாண்டார். இரட்டைப் பெண்கள் இருவரும் பிரசவத்தை ஒட்டி ஒருவர்பின் ஒருவராக இறந்தனர்.

1930-ல் கெய்சர் வில்ஹெல்ம் விஞ்ஞான சங்கத்தின் தலைவரானார். 1933-ல் ஹிட்லர் அரசு யூத விஞ்ஞானிகளை விரட்டியது. பிளாங்க் ஹிட்லரை நேரில் கண்டு பரிந்து பேசினார். பலிக்கவில்லை. ஆனாலும் 1937 வரை பதவியில் இருந்தார். அது சரிதானா என்று கேட்பவர்கள் உண்டு.

1944-ல் ஹிட்லரைக் கொல்லச் சதி நடந்தது. அதில் தொடர்பு என்று பிளாங்கின் மகன் எர்வின் பிடிபட்டார். 86 வயதுத் தந்தை ஹிட்லருக்கே கருணை மனு எழுதினார். 1945 ஜனவரி 23-ந் தேதி எர்வின் தூக்கிலிடப்பட்டார்.

பிளாங்க் 1947-ல் காலமானார். அந்தச் சங்கத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.