எலன் ரிச்சர்ட்ஸ்: தண்ணீருக்குக் கணக்கு எழுதிய அம்மையார்



சில ஆண்டுகளுக்கு முன் நான் நம் சங்கத்தின் பொருளாளராக இருந்தபோது, பட்ஜெட்டில் துண்டு விழாமல் இருக்க ஒரு செலவை வெட்டினேன். அது தண்ணீர்ப் பரிசோதனைச் செலவு. போன தடவை ரிப்போர்ட் நன்றாகத்தானே வந்தது, மறுபடி எதற்கு என்று நினைத்தேன். பொதுக்குழுவிலும் யாரும் கேள்வி கேட்கவில்லை. அண்மையில் எலன் ரிச்சர்ட்ஸ் என்ற அமெரிக்க அம்மையாரைப் பற்றிப் படித்த பிறகுதான் என்ன தவறு செய்தேன் என்று புரிந்தது.

எலன் ஸ்வாலோ 1842 டிசம்பர் 3 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டன்ஸ்டபிள் என்ற சிற்றூரில், பெற்றோருக்கு ஒரே மகளாகப் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். பிறகு கடை வைத்தார். மகள் கடையில் உதவினார், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், பிறர் வீட்டு வேலைகளும் செய்து காசு சேர்த்தார். பெண்களுக்கான வாசர் கல்லூரியில் சேரும்போது அவருக்கு வயது 25. 1870-ல் பட்டம் பெற்றார்.

அடுத்து, அப்போது பாஸ்டனில் இருந்த எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் வேதியியல் படிக்க விண்ணப்பித்தார். அதுவரை அங்கே ஒரு பெண்கூடப் படித்ததில்லை. 1871 தொடக்கத்தில் சிறப்பு மாணவியாகச் சேர்த்துக்கொண்டார்கள், கட்டணமும் வாங்கவில்லை. தன் ஏழ்மைக்காகச் செய்த சலுகை என்று அவர் நினைத்தார். உண்மையில், யாராவது ஆட்சேபித்தால் இவர் எங்கள் மாணவியே இல்லை என்று சொல்லிக்கொள்ள வசதியாக, பேரேட்டில் அவர் பெயர் ஏறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! 1873-ல் அங்கே பட்டம் வாங்கிய முதல் பெண் அவர்தான்.

மாணவியாக இருக்கும்போதே, மாநில சுகாதார வாரியத்துக்காகப் பேராசிரியர் நிக்கல்ஸ் செய்த தண்ணீர்ப் பரிசோதனைகளில் உதவியாளராக இருந்தார். 1875-ல் சுரங்கப் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்ஸை மணந்தார். 1876-ல் பெண்களுக்கென்று ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கியது. பாஸ்டன் பெண்கள் கல்விச் சங்கம் அதற்குப் பணம் திரட்டிக் கொடுத்தது. எலன் அங்கே சம்பளம் இல்லாமல் பாடம் நடத்தியதோடு, ஆண்டுக்குச் சுமார் 1,000 டாலர் தன் கையிலிருந்தும் போட்டார். 1884-ல்தான் எம்.ஐ.டி. அவரைச் சுகாதார வேதியியல் பயிற்றுநராக நியமித்தது. கடைசி வரை பேராசிரியர் பதவி தரவில்லை.

ஒரு மாநிலத்தின் தண்ணீரைச் சோதிப்பது தனி மனிதர் கைக்காசில் நடக்கிற காரியம் அல்ல. 1886-ல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் ஆறு, ஏரிகளைக் காக்கும் பொறுப்பைச் சுகாதார வாரியத்திடம் கொடுத்து, அரசுப் பணத்தையும் ஒதுக்கியது. 1887-ல் பெரிய ஆய்வு தொடங்கியது. பேராசிரியர் தாமஸ் டிரௌன் தலைமை வகித்தார். ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் எலன். ஊர்களின் குடிநீர் மாதாமாதம் பாட்டில்களில் வந்தது. மொத்தம் 20,000-க்கும் அதிகமான மாதிரிகள். அம்மோனியா, நைட்ரேட், குளோரைடு என்று ஒவ்வொன்றையும் அளந்து பதிவு செய்தார்கள். தண்ணீர் பாட்டிலிலேயே மாறிவிடும் என்பதால் வேலையைத் தள்ளிப்போடவும் முடியாது.

நான் பி.காம். படித்தவன், வேதியியல் எனக்குத் தூரம். ஆனாலும் இந்த ஆய்வில் பிறந்த ஒரு விஷயம் எனக்கு நன்றாகப் புரிந்தது. நாம் சாப்பிடும் உப்பு சாக்கடை வழியே மண்ணுக்குள் போகிறது. மண் மற்ற அழுக்குகளை ஓரளவு வடிகட்டினாலும், உப்பில் உள்ள குளோரைடைப் பிடித்து வைப்பதில்லை. அதனால் தண்ணீரில் குளோரைடு கூடினால் கழிவுநீர் கலந்திருக்கலாம். ஆனால் கடற்காற்றும் உப்பைக் கொண்டு வருகிறதே, எது கடல், எது சாக்கடை? அழுக்குப் படாத நீர்நிலைகளின் அளவுகளை எல்லாம் வரைபடத்தில் குறித்தபோது விடை கிடைத்தது. கடலோரத்தில் அதிகமாக இருந்த குளோரைடு, உள்நாட்டுக்குப் போகப் போகச் சீராகக் குறைந்தது. ஒரே அளவுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்தார்கள். ஒரு ஊரின் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டினால், எங்கோ கழிவு கலக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

வங்கி மொழியில் இது ஓப்பனிங் பேலன்ஸ். அது தெரியாமல் கணக்கில் எவ்வளவு கூடியது என்று யாராலும் சொல்ல முடியாது. சுத்தமான தண்ணீரைச் சோதித்த செலவு வீண் செலவு அல்ல. அதிலிருந்துதான் அந்த வரைபடமே வந்தது.

அதே 1887-ல் லாரன்ஸ் நகரில் கழிவுநீரைச் சுத்திகரிப்பது பற்றி ஆராய அரசு ஒரு நிலையமும் அமைத்தது. லாரன்ஸ் மக்கள் குடித்தது மெரிமாக் ஆற்று நீரை. ஆற்றின் மேல்பக்கம் லோவெல் நகரத்துச் சாக்கடை அதில்தான் விழுந்தது. 1890-91-ல் இரண்டு ஊர்களிலும் டைபாய்டு கடுமையாகப் பரவியது. நிலையத்தின் சோதனைகளை வைத்து 1893-ல் லாரன்ஸில் மணல் வடிகட்டி கட்டினார்கள். டைபாய்டு சாவுகள் பெருமளவு குறைந்தன.

எலன் அம்மையார் 1911 மார்ச் 30 அன்று, 68 வயதில், பாஸ்டனில் காலமானார். கடைசி வரை அதே பயிற்றுநர் வேலையில்தான் இருந்தார்.

நம் வளாகத்தில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலக்கின்றன. பக்கத்திலேயே எஸ்.டி.பி. ஓடுகிறது. ஓப்பனிங் பேலன்ஸ் நம்மிடம் கிடையாது. அதை நிறுத்தியவன் நான்தான். சம்ப், போர், எஸ்.டி.பி. வெளியேற்றும் நீர் மூன்றையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்து, நல்லதோ கெட்டதோ, முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். வரும் பொதுக்குழுவில் அந்தச் செலவைத் திரும்பச் சேர்க்க நானே முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் கை தூக்கினால் போதும்.