குக்கர் வெயிட்டைக் கண்டுபிடித்தவர் யார்? டெனிஸ் பாபினின் கதை

கொடுங்கையூர் பக்கம் பழைய இரும்புக் கடையைத் தாண்டிப் போகும்போது, குவியலுக்குள் ஒரு பித்தளை வால்வு கண்ணில் படலாம். மேலே நீளமாக ஒரு கம்பி, அதன் நுனியில் ஓர் இரும்புக் குண்டு. பார்க்க தராசு மாதிரி இருக்கும், ஆனா தராசு இல்லை. அந்தக்கால நீராவி பாய்லரின் பாதுகாப்பு வால்வு அது. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கிய பழைய பாய்லர்களிலும் இதே அமைப்பு உண்டு.

இந்த யோசனை டெனிஸ் பாபினுடையது. 1647 ஆகஸ்ட் 22-ல் பிரான்ஸின் ப்ளுவா நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்தார், ஆனா மனசு இயந்திரங்களில்தான். பாரிஸில் விஞ்ஞானி ஹைகன்ஸிடம் உதவியாளர், 1675-க்குப் பிறகு லண்டனில் ராபர்ட் பாயிலிடம் வேலை.

எலும்பை வேகவைத்த பாத்திரம்

1679-ல் அவர் செய்தது தடித்த உலோகப் பாத்திரமும் இறுக்கமான மூடியும். கடினமான எலும்பும் அதில் மெத்தென்று வெந்துவிடும். ஏழைகளுக்கு மலிவாகச் சத்து கிடைக்கும் என்று நினைத்தார். நம்ம வீட்டு பிரஷர் குக்கரின் முப்பாட்டன் அதுதான்.

சிக்கல் என்னன்னா, மூடியை இறுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பாத்திரம் குண்டு மாதிரி வெடிக்கலாம். அதற்குத்தான் மூடியில் சின்ன ஓட்டை போட்டு, அதன்மேல் ஓர் அடைப்பானை வைத்தார். அடைப்பானை ஒரு நெம்புகோல் அழுத்தும், நெம்புகோலின் முனையில் எடை தொங்கும். நீராவியின் விசை எடையின் விசையைத் தாண்டினால் அடைப்பான் தூக்கி, நீராவி வெளியேறும். எடையை நுனிப் பக்கம் தள்ளினால் அதிக அழுத்தம் தாங்கும், உள்ளே இழுத்தால் சீக்கிரமே திறந்துவிடும். குக்கர் விசில் இதன் சுருக்கப்பட்ட வடிவம். நெம்புகோல் போய், எடை நேராக ஓட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

1682-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு இந்தப் பாத்திரத்தில் சமைத்து விருந்தே வைத்தார்.

ஊர் திரும்ப முடியாதவர்

பாபின் புராட்டஸ்டன்ட். 1685-ல் பதினான்காம் லூயி மன்னர் புராட்டஸ்டன்ட்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்ததும், பிரான்ஸுக்குத் திரும்பும் வழி அடைபட்டது. ஜெர்மனியின் மார்பர்க்கில் கணிதப் பேராசிரியர் ஆனார். 1690-ல் நீராவியால் உயர்ந்து, அது குளிர்ந்ததும் காற்றின் அழுத்தத்தால் இறங்கும் பிஸ்டனை விவரித்து எழுதினார். 1712-ல் நியூகாமன் கட்டிய இன்ஜின் ஓடியது இதே தத்துவத்தில்தான்.

1707-ல் துடுப்புச் சக்கரப் படகில் ஃபுல்டா நதி வழியாகக் கிளம்பினார். முண்டன் ஊரில் படகோட்டிகள் அதை உடைத்துவிட்டார்கள். உலகின் முதல் நீராவிப் படகு என்று இதைப் பலர் பகிர்வதைப் பார்த்திருப்பீங்க. அது கையால் சுற்றிய படகு.

லண்டன் திரும்பியபோது பாயில் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. சம்பளம் இல்லை, உதவி கேட்டுக் கடிதங்கள் எழுதினார். 1713 ஆகஸ்ட் 26-ல் லண்டன் செயின்ட் பிரைட்ஸ் தேவாலயத்தில் டெனிஸ் பாபின் என்ற பெயரில் ஓர் அடக்கம் பதிவாகியிருக்கிறது. இந்தப் பதிவு கவனத்துக்கு வரும்வரை அவர் முடிவு எப்படி ஆனது என்றே நீண்ட காலம் தெரியாமல் இருந்தது.

வால்வை எப்படி அடையாளம் காண்பது?

பாபின் வால்வில் ஒரு பலவீனம் இருந்தது. கூடுதல் வேகத்துக்கு ஆசைப்பட்டு யாராவது கம்பியில் இன்னொரு எடையைத் தொங்கவிட்டால் போச்சு, பாய்லர் வெடிக்கும். அதைத் தடுக்க 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம், யாரும் கைவைக்க முடியாத ஸ்பிரிங் வால்வை ரயில் இன்ஜினுக்காக வடிவமைத்தார். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பிய 1856-ம் அந்தக் காலம்தான்.

ஆக, கம்பியும் குண்டும் இருந்தால் பாபின் வழி. இரண்டு குட்டித் தூண், நடுவில் ஸ்பிரிங் என்றால் ராம்ஸ்பாட்டம். இந்தியாவில் 1923 பாய்லர் சட்டம் வந்த பிறகு, பதிவும் ஆய்வும் இல்லாமல் பாய்லரை ஓட்டுவது குற்றம் ஆனது. வீட்டு குக்கருக்கு ஆய்வாளர் வரமாட்டார். வெயிட் உட்காரும் குழாயில் பருப்பு அடைத்திருக்கிறதா என்று நீங்கதான் ஊதிப் பார்க்கணும்.